கோடைக்காலத்துக் கொல்லை வேலைகளும் அங்கு எதிர்ப்படும் பிராணிகளும்

தை மாதத்தில் சம்பா அறுவடையும், பங்குனியில் தரிசு உளுந்து, பயறு அறுவடையும் முடிந்தபின், காவிரிப் பாசனப் பிரதேசத்துக் குடியானவர்களுக்கு வயல் வேலை சில வாரங்கள் ஓய்கின்றது. மேட்டூர் அணை வழக்கப்படி ஜனவரி 28-ஆம் தேதி மூடப்பட்டு ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்படுவதாகும். இவ்விரு தேதிகளுக்கும் இடைப்பட்ட காலமே வீட்டுக் கொல்லையைச் சீர்திருத்துவதற்கு உகந்த காலம். தென்னைக்கு வட்டப்பாத்தி எடுத்தல், வாழைக்குத் தண்ணீர் இறைத்தல், எருக்குழியை வெட்டி எடுத்தல், வைக்கோற்போரையும் விறகு அடுக்கையும் பிரித்து மாற்றுதல், வேலியைச் செப்பனிடுதல் ஆகிய யாவும் இக்காலத்தில் நடைபெறுகின்றன.

இதே காலத்தில் வயலும் வாய்க்காலும் வறண்டு வெடித்துவிடுவதால், அங்கு வசித்த பிராணிகள் நிழலும் ஈரமும் தேடி ஊரை நோக்கி வருகின்றன. சுற்றிலும் பொட்டலாய்க் கிடக்கையில் பச்சை நிற்கும் இடம் கொல்லை ஒன்றே. ஆகவே, குடியானவர் கை வைக்கும் ஒவ்வொரு குவியலிலும் ஏதேனும் ஒரு ஜந்து ஏற்கெனவே குடியிருக்கின்றது. வேலையாட்கள் இதனை எண்ணாது கையை விடுவதாலேயே அபாயம் நேர்கின்றது. கண்டதையெல்லாம் அடித்துக் கொல்வதாலோ, கொல்லைக்கு உதவி செய்யும் பிராணிகள் அழிந்து எலியும் வண்டும் பெருகுகின்றன. இன்ன வேலையில் இன்ன பிராணி எதிர்ப்படும், அதனிடம் எவ்வாறு நடந்துகொள்ளல் வேண்டும் என்பதை அறிந்து வேலை செய்தால் பயிரும் பிழைக்கும். ஆள் உயிரும் பிழைக்கும்.

வேலைக்குரிய நேரமும் முறையும்

கோடையில் கொல்லை வேலையைக் காலை வெளிச்சம் நன்றாகப் பரவிய பின் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடித்துவிடல் நலம். உடலுக்கு இதமாயிருக்கின்றது என்று கருதிச் சிலர் அந்தி மயங்கும் வேளையில் விறகும் மட்டையும் பிரிக்கின்றனர். இது தவறு. விஷப்பாம்புகளிற் பெரும்பாலானவை கோடையில் பகல் வெப்பத்திற்கு அஞ்சிக் குளிர்ந்த இடத்தில் மறைந்திருந்து, இருட்டிய பின்னரே இரை தேடப் புறப்படும். தேளும் அவ்வாறே. அந்தி வேளை, மனிதன் கண் மங்கும் நேரமும் பாம்பு புறப்படும் நேரமும் ஒன்றுகூடும் வேளையாகும்.

குவியலைப் பிரிக்கும்போது முதலில் நீண்ட கழியால் தட்டி ஓசை உண்டாக்க வேண்டும். பாம்புக்கு வெளிக்காது இல்லையேனும், நில அதிர்வை அது நன்கு உணரும். பிறகு மேலிருந்து கீழாக, ஒரு பக்கத்திலிருந்தே பிரித்து வரவேண்டும். எதிர்ப்பக்கத்தில் ஆள் நில்லாது விட்டுவைத்தால், உள்ளிருக்கும் பிராணி அவ்வழியே தானாக வெளியேறிவிடும். நாற்புறமும் ஆட்கள் சூழ்ந்து நின்றால் அதற்குப் போக்கிடமின்றி எதிர்த்துக் கடிக்கும். வாரியும் கவைக்கோலும் கொண்டு இழுத்த பின்னரே கையால் தொடல் வேண்டும். காலுக்குச் செருப்பினும் கணுக்கால் மூடிய பூட்ஸ் சிறந்தது. அதன் விலை ஒரு நாள் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் காணாது.

தென்னையும் மூடாக்கும்

தென்னைக்கு அடிமரத்தைச் சுற்றி 6 அடி ஆரமுள்ள வட்டப்பாத்தி எடுத்து, அதன்மேல் மூடாக்கு இடுவது கோடையின் முதல் வேலை. ஒரு மரத்திற்கு 100 உரிமட்டைகளைப் புடைத்த பக்கம் மேலே இருக்குமாறு கவிழ்த்து அடுக்கலாம். அல்லது காய்ந்த தென்னை ஓலை 15 பரப்பலாம். அல்லது தென்னைநார்க் கழிவை 4 அங்குல உயரத்திற்குப் பரப்பலாம். இவற்றுள் எதனைச் செய்யினும் வெயில் மண்ணை நேராகத் தாக்காமையால் இறைத்த தண்ணீர் வீணாவதில்லை, களையும் குறையும்.

மூடாக்கின் கீழ் ஈரம் இருப்பதால் தேரை, மண்புழு, பூரான், தேள் ஆகியவை அங்கு வந்து சேரும். தேரையும் மண்புழுவும் வரவேற்கத்தக்கவை. தேரை இரவு முழுதும் வண்டு, கறையான், வெட்டுக்கிளி முதலியவற்றை உண்டு, கூலியில்லாக் காவலாளாய் இருக்கின்றது. தேளை உத்தேசித்து, வீட்டு நடைபாதைக்கும் கிணற்றடிக்கும் ஒட்டினாற்போல் மூடாக்குப் பரப்பாது இரண்டடி இடம் வெறுமையாய் விடுதல் வேண்டும். முன்னாண்டு உரிமட்டையைப் புரட்டும்போது கையால் புரட்டாமல் மண்வெட்டியின் நுனியால் புரட்டுக. செந்தேள் கொட்டினால் பெரியவர்க்குக் கடுத்த வலியோடு நின்றுவிடுதலும் உண்டு. சிறு குழந்தைகட்கோ வியர்வை பெருகி, வாந்தியுண்டாகி, இருதயம் தாக்கப்பட்டு உயிர்க்கு ஆபத்து நேரலாம். குழந்தையைத் தேள் கொட்டியதென்றால் பார்வை பார்ப்பதிற் பொழுது போக்காது உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்வது கடமை.

மரத்தின் தலைப்பகுதியைச் சுத்தம் செய்வதும் இக்காலத்து வேலையே. காய்ந்த மட்டை, பன்னாடை, வெற்றுப் பாளை ஆகியவற்றை நீக்குகையில், மரமேறுபவர் கதண்டுக் கூட்டையோ குளவிக் கூட்டையோ எதிர்ப்படுதல் கூடும். ஆகவே, ஏறுமுன் கீழிருந்து சற்று நேரம் நிமிர்ந்து பார்த்து, பூச்சிகள் ஒரே இடத்திற்குப் போவதும் வருவதுமாய் இருக்கின்றனவா என்று கவனித்தல் அவசியம். கதண்டு பலவாகச் சேர்ந்து கொட்டின் மரணமும் உண்டாகும். அத்தகைய கூட்டைத் தீப்பந்தம் கொண்டு கொளுத்த முயலாமல், தீயணைப்பு மீட்புப் பணி நிலையத்திற்குத் தெரிவிக்க வேண்டும்.

பட்டுப்போன தென்னையின் பொந்துகளில் மாசி, பங்குனி மாதங்களில் பச்சைக்கிளி குஞ்சு பொரித்திருக்கும். பட்ட மரத்தை வெட்ட எண்ணுவோர் குஞ்சு பறந்து போகும்வரை சில வாரம் பொறுப்பது நன்று. அக்குஞ்சுகளை எடுத்துக் கூண்டில் அடைப்பது சட்டப்படி குற்றம் என்பதைச் சிறுவர்க்கும் சொல்லிவைத்தல் வேண்டும்.

எருக்குழியில் காணப்படும் புழு

ஆண்டு முழுதும் சேர்ந்த எருவைச் சித்திரை, வைகாசியில் வெட்டி வயலுக்கு அடிக்கும்போது, கட்டைவிரற் பருமனில் வளைந்து சுருண்ட வெண்புழுக்கள் கிடைக்கின்றன. இவை தென்னையின் பரம சத்துருவாகிய காண்டாமிருக வண்டின் புழுக்களாம். இவ்வண்டு குருத்தைத் துளைத்து உட்சென்று தின்பதால், பின்னர் விரியும் ஓலை கத்தரியால் விசிறிபோல் வெட்டினாற்போன்று காணும். இளம்பிள்ளையின் குருத்து அழியின் மரமே சாகும்.

வண்டு இருப்பது மரத்தின் உச்சியில். அது பிறப்பதோ குடியானவர் தம் கையாற் சேர்த்த எருக்குழியில். ஆகையால், குழியை வெட்டுங்கால் புழுக்களைப் பொறுக்கி அழிப்பது மரமேறி வண்டு பிடிப்பதைக் காட்டிலும் எளிது. எருவை ஒரு பகல் பரப்பி வைத்தால் மைனா, காகம், உண்ணிக்கொக்கு, செம்போத்து ஆகிய பறவைகள் வந்து புழுக்களைத் தின்றுவிடும். அவற்றை விரட்டலாகாது. எருவில் பச்சை மஸ்கார்டின் என்னும் பூஞ்சையைக் கலந்துவிட்டால் அது புழுக்களுக்கு நோயுண்டாக்கிக் கொல்லும். மாட்டிற்கோ மனிதர்க்கோ தீங்கு செய்யாது. ஆமணக்குப் பிண்ணாக்கு 1 கிலோவை 5 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்துச் சிறு பானைகளில் ஊற்றித் தோட்டத்தில் ஆங்காங்கு வைத்தால், அந்நாற்றத்தால் இழுக்கப்பட்டு வண்டுகள் விழும். வேப்பங்கொட்டைத் தூள் 1 பங்கும் மணல் 2 பங்கும் கலந்து, மரமொன்றுக்கு 150 கிராம் வீதம் உட்புறத்து மூன்று மட்டைகளின் அடியில் இடுவதும் தக்க பாதுகாப்பாகும். வேப்பம்பழம் உதிரும் காலமும் இதுவேயாகையால், கொட்டையைப் பொறுக்கி உலர்த்திச் சேமித்தல் செலவில்லாத மருந்தைச் சேமிப்பதாகும்.

வைக்கோற்போரும் விறகு அடுக்கும்

கொல்லையில் உயிர்ச்சேதத்திற்கு இடமான வேலை இதுவே. போர் போட்ட இடத்தில் உதிர்நெல் இருக்கும். நெல்லைத் தேடி எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். பாம்பு வருவதற்கு மூலகாரணம் எலியேயாகையால், எலியைக் குறைக்காது பாம்பை மட்டும் அடிப்பது வாய்க்காலைத் திறந்துவைத்துக்கொண்டு வயலில் தண்ணீர் இறைப்பது போலாகும்.

போரைத் தரையில் நேராகப் போடாது, கல்லின்மேல் மரச்சட்டம் பரப்பி முழங்கால் உயரத்தில் போட்டால் அடியில் எலி வளை தோண்ட இடமிராது, வெளிச்சமும் புகும். விறகையும் அவ்வாறே அடுக்குக. இரண்டையும் வீட்டுச் சுவருக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் ஒட்டாது தள்ளி வைப்பது உத்தமம். எலி பிடிக்கத் தஞ்சாவூர்க் கிட்டி இன்றும் நல்ல கருவி. தென்னையில் எலி ஏறாதபடி, ஆளுயரத்திற்கு மேல் வழவழப்பான தகரப் பட்டையை மரத்தைச் சுற்றி அடிக்கலாம். ஆயின் பக்கத்து மரத்து ஓலை உரசிக்கொண்டிருந்தால் எலி அவ்வழியே தாவிவிடும். வயலோரத்தில் குறுக்குக் கம்பு கட்டிய கழிகளை நட்டுவைத்தால் ஆந்தைகள் அமர்ந்து எலி வேட்டையாடும். இரத்தம் உறையாமற் செய்து கொல்லும் எலிமருந்தை இடுவோர், அம்மருந்துண்ட எலியைத் தின்னும் ஆந்தையும் மாளக்கூடும் என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

நான்கு விஷப்பாம்புகள்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் மனித உயிர்க்குப் பெரும்பாலும் ஆபத்தை விளைவிப்பவை நான்கே.

1. நாகம் அல்லது நல்லபாம்பு. படமெடுக்கும். கோடையில் எலிவளை, கறையான் புற்று, போரின் அடி ஆகிய இடங்களில் முட்டையிடும். படமெடுத்து நிற்பது ஒதுங்கிப் போக வேண்டுமென்னும் எச்சரிக்கையாகும்.

2. கட்டுவிரியன். கருநிற உடலில் மெல்லிய வெண்கோடுகள் பெரும்பாலும் இரண்டிரண்டாகச் சேர்ந்திருக்கும். இரவிலேயே திரியும். கோடையில் புழுக்கம் பொறாது திண்ணையிலும் முற்றத்திலும் தரையிற் பாய் விரித்துப் படுப்போரைத் தூக்கத்திற் கடிப்பது பெரும்பாலும் இதுவே. கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் இராமையால் பலர் உணர்வதேயில்லை. விடியுமுன் வயிற்றுவலி, பின்பு இமை தொங்கல், பேச்சுக் குழறல், மூச்சுத் திணறல் என்று முற்றிவிடும். கட்டிலிற் படுத்துக் கொசுவலையைப் படுக்கைக்கடியில் நன்கு செருகிக்கொள்வதே இதற்குத் தக்க காப்பு.

3. கண்ணாடிவிரியன். பழுப்பு நிற உடலில் சங்கிலிபோன்ற கரும்புள்ளி மூன்று வரிசையாக ஓடும். துருத்தி ஊதினாற்போல் உரக்கச் சீறும். காய்ந்த சருகின் நிறத்தோடு ஒத்திருப்பதால் கண்ணுக்குப் புலப்படாது. முட்டையிடாது குட்டி போடுவது. கோடையின் பிற்பகுதியில் ஓர் ஈற்றில் 20-க்கும் மேற்பட்ட குட்டிகளை ஈனுவது சாதாரணம். பிறந்த குட்டிக்கும் விஷமுண்டு.

4. சுருட்டைவிரியன். உருவிற் சிறியது, பெரும்பாலும் இரண்டடிக்கு உட்பட்டது. கல்லாங்காட்டிலும் வறண்ட புன்செய்ப் பகுதிகளிலும் கல்லின் கீழ்க் கிடக்கும். உடலைச் சுருட்டிச் செதில்களை உராய்ந்து அரம் தேய்ப்பது போன்ற ஓசை எழுப்பும்.

விஷமற்ற பாம்புகளும் வீண் அபவாதங்களும்

கொல்லையில் பகற்பொழுதில் அதிகமாகக் காணப்படுவது சாரைப்பாம்பு. இதற்கு விஷமில்லை. இது நாகத்தோடு இணையும் என்பதும், வாலால் அடித்தால் உடல் அழுகும் என்பதும், பசுவின் மடியில் பால் குடிக்கும் என்பதும் ஆதாரமற்றவை. உறிஞ்சிக் குடிப்பதற்கேற்ற உதடு பாம்புக்கு இல்லை. ஆந்தையும் பூனையும் எலியை வளைக்கு வெளியேதான் பிடிக்கக் கூடும். சாரையோ வளைக்குள்ளேயே நுழைந்து எலியையும் குஞ்சுகளையும் உண்டு முடிக்கின்றது. அதனை அடித்தவர் தம் நெற்குதிருக்குக் காவலிருந்தவனை அடித்தவராவர்.

கொம்பேறிமூக்கன் கடித்துவிட்டுச் சுடலை அருகே மரத்திலேறிப் பிணம் எரியும் புகையைப் பார்த்திருக்கும் என்பர். இது ஓணானும் தவளையும் தின்னும் சாதுவான பாம்பு. பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்தும் என்பதும் அவ்வாறே. அதன் விஷம் மனிதனைக் கொல்லுந் தன்மையதன்று. வேலிச்செடியைக் கழிக்கையில் இவ்விரண்டும் எதிர்ப்படும். மண்ணுளிப் பாம்பு நக்கினால் குஷ்டம் வரும் என்று ஒரு சாராரும், அதற்குப் பெருந்தொகை விலையுண்டு என்று மற்றொரு சாராரும் கூறுவர். முன்னது பொய், பின்னது மோசடி. அதனைப் பிடித்து விற்க முயல்வோர் சிறைக்கு ஆளாவர்.

எனினும் ஓர் எச்சரிக்கை. வெள்ளிக்கோல் வரையன் என்னும் விஷமற்ற பாம்பு கட்டுவிரியனைப் போலவும், மண்ணுளிப் பாம்பின் ஓரினம் கண்ணாடிவிரியனைப் போலவும் தோற்றமளிக்கும். பழகாத கண்ணுக்கு வேற்றுமை புலப்படாது. ஆதலால் எப்பாம்பையும் விஷமற்றதென்று துணிந்து கையாற் பிடித்தல் கூடாது. விஷமுள்ளதென்று கருதி அடித்தலும் கூடாது. விலகி நின்று அது போக விடுக. வீட்டினுள் புகுந்துவிட்டால், ஒருவர் எட்ட நின்று அதன்மேற் கண் வைத்திருக்க, மற்றொருவர் தீயணைப்பு நிலையத்திற்கோ வனத்துறைக்கோ செய்தி அனுப்ப வேண்டும்.

பிற உதவிப் பிராணிகள்

ஓணானைக் கண்டால் கல்லெறிவது சிறுவர் வழக்கம். கோடையில் ஆண் ஓணானின் கழுத்து இனப்பெருக்கக் காலத்தில் சிவப்பதன்றி, அது யார் இரத்தத்தையும் குடிப்பதில்லை. எறும்பு, வெட்டுக்கிளி, புழு ஆகியவையே அதன் ஆகாரம். கீரியும் உடும்பும் எலிகளை உண்பவை. கோழிக்குஞ்சை எடுத்துச் செல்லுமென்பது மெய்யேயாயினும், இரவிற் கோழியைக் கூட்டில் அடைப்பதால் அந்நஷ்டம் தீரும். எலியால் வரும் நஷ்டம் அவ்வளவு எளிதில் தீராது. வௌவால்கள் இலுப்பை, இலவு ஆகிய மரங்களின் பூக்களில் மகரந்தம் பரப்பிக் காய் பிடிக்கச் செய்கின்றன. பாம்பு, உடும்பு, கீரி, மயில் முதலியன 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்பட்டவை. அவற்றைக் கொல்லுதலும் பிடித்தலும் தண்டனைக்குரிய குற்றமாகும்.

நஷ்டம் விளைக்கும் பிராணிகளும் உண்டு. அணில் கொய்யாவையும் மாதுளையையும் கடித்துக் கெடுக்கும். 1963-ஆம் ஆண்டு முதல் நாட்டின் தேசியப் பறவையாக விளங்கும் மயில், காய்கறி நாற்றுகளைக் கொத்தி அழிக்கும். பழங்களுக்குத் துணிப்பையோ காகிதப்பையோ கட்டுவதும், நாற்றங்காலுக்கு மேல் வலை விரிப்பதும், பகலில் காவல் வைப்பதும் தக்க உபாயங்கள். வலை தரையிற் கிடந்தால் சாரையும் உடும்பும் சிக்கி மாளுமாதலால், அதனை இழுத்துக் கட்டி, வேலை முடிந்தவுடன் சுருட்டி வைத்தல் வேண்டும். வேலிக்கு மின்சாரக் கம்பியிலிருந்து நேராக மின்சாரம் பாய்ச்சுவது சட்டவிரோதம் மட்டுமன்று. இரவில் அவ்வழியே வருபவர், ஒருவேளை அவ்வீட்டுப் பிள்ளையே, அதற்கு இரையாதலும் நேரும்.

தண்ணீர்த் தொட்டி

கோடையில் பறவைகளும் தேனீக்களும் தண்ணீரின்றித் தவிக்கும். கிணற்றடியிலிருந்து எட்ட, வெட்டவெளியில், அகன்ற மண்தட்டு ஒன்றில் நாடோறும் தண்ணீர் ஊற்றிவைக்கலாம். தேனீ மூழ்காதபடி நடுவிற் கூழாங்கற்களும் சிறு குச்சிகளும் இடுக. தண்ணீருக்கு வரும் மைனா, கரிச்சான், தவிட்டுக்குருவி ஆகியவை புழுவைத் தின்றும், தேனீ பூவில் மகரந்தம் சேர்த்தும் அந்தத் தண்ணீருக்கு விலை கொடுத்துவிடும். தட்டை வீட்டு வாயிலருகிலும் புதரருகிலும் வைத்தலாகாது. ஈரத்திற்குத் தவளை வரும், தவளைக்குப் பாம்பு வரும். நீர் ஒழுகும் குழாயையும் இதே காரணத்தால் உடனே செப்பனிடல் வேண்டும். கொசு முட்டையிடாதபடி தண்ணீரை அன்றாடம் மாற்றுக.

பாம்பு கடித்துவிட்டால்

இத்தனை ஜாக்கிரதைக்குப் பின்னும் கடி நேருமாயின், அடுத்த ஒரு மணி நேரத்தில் உடனிருப்போர் செய்வதைப் பொறுத்தே உயிர் நிற்கும். 2020-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியின் கணக்குப்படி, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் மாண்டவர் ஏறக்குறைய 12 லட்சம் பேர். சராசரி ஆண்டுக்கு 58,000 பேர். அவர்களிற் பெரும்பாலோர் கிராமவாசிகள்.

செய்யத்தக்கவை: கடிபட்டவரை நடக்கவும் ஓடவும் விடாது படுக்க வைத்துத் தைரியம் கூறுக. கடிபட்ட அங்கத்தை எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல் மூங்கிற் சிம்பு வைத்து அசையாமல் தளர்வாகக் கட்டுக. மோதிரம், மெட்டி, கொலுசு, வளை ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றுக. 108 ஆம்புலன்ஸையோ, அது வரத் தாமதமாயின் கிடைத்த வாகனத்தையோ கொண்டு, விஷமுறி மருந்துள்ள அரசு ஆஸ்பத்திரிக்கு விரைக. கடித்த நேரத்தையும், வழியில் கண்ட குறிகளையும் டாக்டரிடம் சொல்லுக.

செய்யத்தகாதவை: கயிற்றால் இறுகக் கட்டுதல், கத்தியாற் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், பச்சிலை அரைத்துப் பூசுதல், மிளகும் மிளகாயும் தின்னக் கொடுத்துப் பரீட்சித்தல், மந்திரிக்க அழைத்துச் செல்லுதல். எவரேனும் முன்னரே இறுகக் கட்டியிருந்தால் அதனை வழியில் சட்டென அவிழ்க்காது ஆஸ்பத்திரியில் அவிழ்க்கச் செய்க. பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. அதனால் இரண்டாவது ஆளும் கடிபடுவதே மிச்சம். விஷமுறி மருந்து மேற்கூறிய நான்கு பாம்புகளுக்கும் பொதுவானது. விரியன் கடியாவென ஐயுற்றால், சிறிது இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் 20 நிமிஷம் அசையாது வைத்து, அது உறைகின்றதா என்று பார்த்தே டாக்டர்கள் தெளிகின்றனர்.

இம்மருந்துக்கு மூலமான விஷத்தைச் சேகரித்துத் தரும் தொழிலில், மாமல்லபுரத்தருகே வடநெம்மேலியில் 1978-இல் ஏற்பட்ட இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பெரும்பங்கு கொண்டுள்ளது. பாம்பைக் கொல்லாது விஷத்தை மட்டும் எடுத்துவிட்டுக் காட்டில் விடுவது அவர்கள் முறை. பாம்பை அறிந்த கை பாம்பாலேயே உயிரைக் காக்கின்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

கிராம அலுவலர்களுக்கு

கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சியினரும் பங்குனி மாதத்திலேயே சில காரியங்களைச் செய்துவைத்தல் நலம். விஷமுறி மருந்து எப்பொழுதும் இருப்பில் உள்ள அண்மை ஆஸ்பத்திரி எது, இரவில் அங்கே டாக்டர் இருப்பாரா என்பதை விசாரித்தறிந்து, அதனைச் சாவடியிலும், பால் சேகரிக்கும் இடத்திலும், ரேஷன் கடையிலும் எழுதி ஒட்டுக. இரவில் வாகனம் ஓட்ட இசைந்தோர் இருவர் பெயரையும் அதனுடன் எழுதுக. தெருவிளக்கு எரியாத இடத்தைச் சீர்செய்க. தமிழ்நாட்டில் 2024-ஆம் ஆண்டு முதல் பாம்புக்கடி, ஆஸ்பத்திரிகள் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக்கப்பட்டிருக்கின்றது. எவ்விடத்தில் கடி மிகுதியோ அவ்விடத்திற்கு மருந்து சென்று சேர்வதற்கு இக்கணக்கே வழிகாட்டியாதலால், நேர்ந்த கடியை மறைத்து வீட்டிலேயே வைத்தியம் பார்ப்பதைத் தடுத்தல் அவர்கள் பொறுப்பாகும்.

கோடைக் கொல்லையில் குடியானவர் தனியாக வேலை செய்வதில்லை. ஆந்தையும் சாரையும் எலியைக் குறைக்கின்றன. மைனா எருக்குழியைச் சுத்தம் செய்கின்றது. தேரை பாத்தியைக் காவல் காக்கின்றது. இவற்றுக்கு அவர் செலுத்த வேண்டிய கூலி, குவியலைத் தொடுமுன் ஒருதரம் கழியால் தட்டுவதும், கண்டதை அடிக்காது வழிவிடுவதுமே. இச்சிறு வழக்கத்தை வீட்டிலுள்ளோரும் வேலையாட்களும் கைக்கொள்ளுமாறு செய்வாராயின், ஆனி மாதத்தில் ஆற்றில் புதுத்தண்ணீர் வரும்போது கொல்லை பசுமையாயிருக்கும். நாற்றங்காலில் இறங்கும் ஆட்களின் எண்ணிக்கையும் குறையாதிருக்கும்.